பெட்டியில் எழுதச் சொல்லுங்கள்: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வெள்ளவத்தையில் பழைய படங்களை ஸ்கான் செய்து கொடுக்கும் சிறிய கடை ஒன்று வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய போனில் இருக்கும் சொந்தப் படங்களைத் தான் நம்பும் இடத்தில் பத்திரப்படுத்தி வைக்க ஒரு பாவனையாளரால் முடியவில்லை. இதுதான் என் முறைப்பாடு. வழியை மறித்து நிற்பது போனின் இயங்குதளம், அதாவது போனை இயக்கும் அடிப்படை மென்பொருள். தெரியாமல் வந்த பிழை என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். திட்டமிட்டு அப்படி வைத்திருக்கிறார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது உங்களுக்குத் தெரியும். டிசெம்பர் முழுக்க என் கடைக்கு வந்தவை நனைந்த அல்பங்கள்தான். நனைந்த அல்பத்தைக் காப்பாற்றலாம். தாள்கள் ஒட்டிக்கொள்ளுமுன் பிரித்து, சுத்தமான குளிர்தண்ணீரில் சேற்றை அலசி, படத்தின் முகத்தில் விரல் படாமல் காயவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். அத்தனைக்கும் உடனே நேரமில்லையென்றால் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டு வைக்கலாம். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் மூன்று குடும்பங்களின் கலியாண அல்பங்கள் இரண்டு கிழமை இருந்தன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மீனைத்தான் குறைத்தார்.

நனைந்த போனுக்கு அப்படி வைத்தியம் கிடையாது. இன்றைய போன்களில் உள்ளே இருப்பவை எல்லாம் திறப்பில்லாமல் வாசிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதற்கான திறப்பு அந்தச் சில்லுக்குள்ளேயே இருக்கும். உள்ளிருக்கும் மின்பலகை செத்தால் படங்களும் சேர்ந்து செத்தன. ஆகவே செத்த போனோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: பேக்அப், அதாவது வேறிடத்தில் ஒரு பிரதி, இருக்கிறதா?

அறுபது வயது மதிக்கத்தக்க கொலன்னாவை அம்மா ஒருவர் அதற்கு "இருக்கு தம்பி" என்று தெளிவாகச் சொன்னார். கனடாவிலுள்ள மகன் வேறொரு கம்பனியின் கிளவுட்டில், அதாவது இணையம் வழியாகக் கோப்புகளை வைக்கும் சேமிப்பிடத்தில், குடும்பத்துக்கே இடம் வாங்கி, அம்மாவின் போனிலும் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒன்றும் செய்யத் தேவையில்லை, எல்லாம் தானாகப் போகும் என்றும் சொல்லியிருந்தார். மகனைத் தொலைபேசியில் எடுத்து, அவர் சொல்லச் சொல்ல என் கணினியில் திறந்து பார்த்தோம். படங்கள் ஆடிவேல் தேரோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு பேத்தி பிறந்திருக்கிறாள். முப்பத்தொன்று கழித்த நாள், தொட்டில் கட்டிய நாள், ஒன்றும் இல்லை. அந்த அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கோ" என்றார். கீழே ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நடந்தது இதுதான். அந்தச் செயலியை அவர் பல வாரமாகத் திறக்கவில்லை. படம் எடுப்பதும் வட்ஸ்அப் பார்ப்பதும் தவிர அவருக்குப் போனில் வேறு வேலை இல்லை. திறக்காத செயலியை இயங்குதளம் தூங்க வைத்துவிட்டது. அதைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே நாட்களில், அந்தப் போனைச் செய்த கம்பனியின் சொந்தக் கிளவுட்டில் இடம் போதாது, மாதச் சந்தா கட்டு என்ற அறிவிப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அதை அவர் "விளம்பரம்" என்று நினைத்து மூடிக்கொண்டே இருந்தார். அவர் நினைத்ததில் பெரிய பிழையில்லை.

இதை உங்கள் சபையிலுள்ள எல்லாருக்கும் புரியவைக்க, எங்கள் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இருக்கும் தொடர்மாடி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டடத்தின் நிர்வாகமே தண்ணீர்ப் போத்தல் வியாபாரமும் செய்கிறது என்று வையுங்கள். அவர்களுடைய ஆளிடம் லிப்ட் திறப்பு உண்டு. நீங்கள் தூங்கும்போதே வந்து போத்தலை மாற்றிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் வேறு கடையில் போத்தலுக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பையனைக் காவலாளி கேட்டில் நிறுத்துவார். நீங்கள் இறங்கி வந்து கேட்டைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளே விடுவார். கையை எடுத்த சிறிது நேரத்தில் பையன் பாதிப் படியில் நிற்க வேண்டியதுதான். பிறகு நிர்வாகம் சொல்கிறது: எங்கள் கட்டடத்தில் எந்தக் கடையிலும் தண்ணீர் வாங்கலாம், தடையே இல்லை!

போனில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்றால், செயலியைத் திறந்து, திரை அணையாமல் பார்த்துக்கொண்டு இருப்பது. வேறு கம்பனிச் செயலிக்குப் பின்னணியில் ஓடவே விடுவதில்லை என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் விடும். எப்போது, எவ்வளவு நேரம் என்பது இயங்குதளத்தின் இஷ்டம். இரண்டாயிரம் படம் உள்ள போனை அப்படி ஏற்றி முடிக்க முடியாது. கடையில் நான் செய்துகொடுக்கும்போது போனை மேசையில் திறந்தபடி வைத்து, அணையும்போதெல்லாம் விரலால் தட்டிக்கொண்டிருப்பேன். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. வாங்க வெட்கமாக இருக்கிறது.

எந்தக் கம்பனியின் போன் என்று எழுதாததற்குக் காரணம், ஒன்றைச் சொன்னால் மற்றது நல்லது போலாகிவிடும். அளவுதான் வேறு. ஐபோனின் முழுப் பேக்அப்பைக் கேபிள் போட்டுக் கணினியில் எடுக்கலாம். இணையம் வழியாக என்றால் ஐகிளவுட்டுக்கு மட்டும்தான் போகும். அங்கே இலவசமாகத் தருவது 5 ஜீபி. 2011இல் அந்தச் சேவை தொடங்கியபோதும் 5 ஜீபிதான். அன்றைய போனின் கெமராவையும் இன்றைய போனின் கெமராவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த 5 எவ்வளவு சிறுத்துவிட்டது என்று தெரியும். ஆண்ட்ராய்டில் பேக்அப் கூகுள் கணக்குக்குப் போகிறது. 15 ஜீபி தருகிறார்கள், ஆனால் படமும் மின்னஞ்சலும் கோப்பும் அந்த ஒரே பானைக்குள். பானை நிரம்பினால் மின்னஞ்சலும் வராது. ஆண்ட்ராய்டு 11இலிருந்து, சில மாதம் தொடாத செயலிக்கு நாம் கொடுத்த அனுமதியை இயங்குதளமே திரும்ப எடுத்துக்கொள்ளும். வட்ஸ்அப்பைப் பாருங்கள்: ஆண்ட்ராய்டில் அதன் ஒன்லைன் பேக்அப் கூகுளுக்கு, ஐபோனில் ஐகிளவுட்டுக்கு. மூன்றாவது இடம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானே இல்லை. இதில் வட்ஸ்அப் கம்பனிக்கும் பங்கு உண்டு, முழுப் பழியையும் இயங்குதளத்தின் மேல் போடக்கூடாது. 2024இலிருந்து அந்த வட்ஸ்அப் பேக்அப்பும் கூகுளின் 15 ஜீபிக்குள் கணக்காகிறது.

மடிக்கணினியிலும் இதே காற்று வீசத் தொடங்கிவிட்டது. கொட்டாஞ்சேனையில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் என் மைத்துனியின் புதிய கணினியில், முகப்பில் அவர் போட்டுவைத்த கோப்புகளெல்லாம் அவர் கேளாமலே இயங்குதளக் கம்பனியின் கிளவுட்டுக்குள் போயிருந்தன. இலவச இடம் நிரம்பியது. அவருடைய மின்னஞ்சலும் அதே கணக்கு என்பதால் வாடிக்கையாளர் அனுப்பிய கடிதங்கள் வராமல் நின்றன. இரண்டு நாள் இன்டர்நெட் கம்பனியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பாவம் அந்த இன்டர்நெட் கம்பனி, வாழ்க்கையில் ஒருமுறை குற்றமில்லாமல் ஏச்சு வாங்கியது.

இனி என் சொந்த விஷயம். என் அம்மாவுக்கு 79 வயது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தபோது அம்மா அப்பாவின் கலியாண அல்பமும் எரிந்தது. அந்தக் கலியாணத்துக்கு இன்று இருக்கும் சாட்சி ஒரே ஒரு படம். 1971இல் பருத்தித்துறையிலிருந்த பெரியம்மாவுக்குத் தபாலில் அனுப்பியது. அது வேறு ஊரில், வேறு வீட்டில், வேறு அலுமாரியில் இருந்தபடியால் தப்பியது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாக்கப் போய்த்தான். என் கடைக்கு வரும் எல்லாரிடமும் நான் சொல்வது அன்றிலிருந்து ஒன்றுதான்: ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு ஊரில், ஒரு பிரதி வேறொருவர் கையில். எங்கள் ஆட்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படம் என்று எதையாவது இழக்காத வீடு எங்களில் குறைவு.

அதனால்தான் நான் ஒரு கம்பனியை மட்டும் நம்புவதில்லை. வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. சொந்தக் கிளவுட்டை வீட்டிலேயே நடத்த உதவும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற திறந்த மென்பொருள் அதில் ஓடுகிறது. போன வருடம் முழுக்க, பின்னேரங்களில், பழைய படங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, யார் யார் என்று அம்மாவைப் பேச வைத்து என் போனிலேயே பதிந்தேன். 61 ஒலிப்பதிவுகள். போனோடு வந்த ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்ததுதான் நான் செய்த பிழை. அந்தப் பதிவுகளைப் போன் கம்பனியின் சொந்தக் கிளவுட் மட்டும் தானாக எடுக்கும். என் வீட்டுப் பெட்டிக்கு அந்த அறைக்குள் நுழையவே வழியில்லை. கடைசியில் ஒவ்வொன்றாகத் திறந்து, பகிர், கோப்பில் சேமி, பெயர் வை என்று மூன்று இரவு இருந்து அனுப்பி முடித்தேன். எனக்குத் தெரிந்தபடியால் முடிந்தது. கொலன்னாவை அம்மாவுக்கு யார் மூன்று இரவு உட்காருவார்கள்?

கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ஆங்கிலத்தில் மரியாதையான பதில் வந்தது. இது வடிவமைப்பின்படிதான் இருக்கிறது, எங்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாறினால் உங்களுக்கு இந்தச் சிரமம் இராது, இதுதான் சாரம். அந்தக் கடிதத்தை வாசித்த அன்றுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

மாதம் ஒரு டொலர்தானே, கட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என் மகளே கேட்டாள். முதலாவது, டொலர் எங்கள் கையில் இல்லை. 2022 மார்ச்சு தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேலே இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அன்று டொலரில் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரு படம்கூடக் கூடாமல் கட்டணம் முக்கால் பங்குக்கு மேல் கூடியது. வேறு எந்தப் பொருள் விலை ஏறினாலும் அடுத்த கடைக்குப் போகிறோம். இதில் அடுத்த கடைக்காரனைக் காவலாளி கேட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டாவது, கட்டாமல் விட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நான் தினமும் கடையில் பார்க்கிறேன். சிவப்பாக அறிவிப்பு வந்தால் போன் பழுதாகப் போகிறது என்று பயந்து படங்களை அழிக்கிறார்கள். போன வருடத்துப் பிறந்தநாளை அழித்துவிட்டு இந்த வருடத்துப் பிறந்தநாளை எடுக்கிறார்கள். எத்தனையோ பேரிடம், அந்த அறிவிப்பு போனுக்குள் இருக்கும் இடத்தைப் பற்றியது இல்லை, கிளவுட் இடத்தைப் பற்றியது, போனில் இன்னும் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது என்று காட்டியிருக்கிறேன். அதற்குள் அழித்தவை அழிந்தவைதான்.

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப கால ஆண்ட்ராய்டில் டோர்ச் லைட் செயலிகூட எல்லாக் கோப்பையும் பார்க்க அனுமதி கேட்கும், நாமும் கொடுத்துவிடுவோம். அதை இறுக்கியது நல்லதுதான். பின்னணியில் பத்துச் செயலி ஓடினால் பட்டரி மதியத்துக்குள் முடியும் என்பதும் உண்மை. ஆனால் அவர்களுடைய சொந்தக் கிளவுட்டும் அதே பட்டரியில்தான் ஓடுகிறது. இரவில், போன் சார்ஜில் கிடக்கும்போது, வைபையில் ஓடு என்று தனக்கு வைத்திருக்கும் ஒழுங்கை, நான் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்த ஒரு சேவைக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரே ஒரு கேள்வி, என் மொழியில் கேட்கட்டும்: உன் பேக்அப்பை யாரிடம் கொடுப்பது? நான் பதில் சொல்கிறேன். பிறகு என்ன நடந்தாலும் அது என் தலை.

முடியாத காரியம் இல்லை என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. ஐகிளவுட்டிலுள்ள படங்களைக் கூகுள் போட்டோஸுக்கு நேராக அனுப்பும் வழியை ஆப்பிளே 2021இல் திறந்தது. விருப்பம் இருந்தால் மதிலில் கதவு வைக்கலாம். நான் வீட்டில் வைத்திருக்கும் அதே நெக்ஸ்ட்கிளவுட்டின் ஆண்ட்ராய்டு செயலி, பல வருடமாக எல்லா வகைக் கோப்பையும் ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்கான அனுமதியைக் கூகுள் மறுத்தது. படமும் வீடியோவும் மட்டும் ஏற்றலாம் என்றாகியது. 2025 மே மாதத்தில் நெக்ஸ்ட்கிளவுட் கம்பனி பகிரங்கமாக முறையிட்டது, செய்தியானது, சில நாளிலேயே அனுமதியைத் திருப்பித் தருவதாகக் கூகுள் சொன்னது. அப்படியானால் அந்த அனுமதியில் ஆபத்து இருந்ததா இல்லையா? ஆபத்து இருந்தால் செய்தி வந்ததற்காகத் திருப்பிக் கொடுத்திருக்கக் கூடாது. சத்தம் போட ஆள் உள்ள கம்பனிக்கு நீதி கிடைத்தது, நல்லது. சத்தம் போட முடியாதவர்களுக்காகத்தான் உங்களைப் போன்ற சபைகள்.

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கீழ் 2023 செப்டெம்பர் 6ஆம் திகதி ஆறு கம்பனிகளுக்கு ஒரு பெயர் வைத்தது. தமிழில் சொன்னால் வாயில்காப்போர். என் தொடர்மாடிக் காவலாளியை நான் அங்கிருந்து எடுக்கவில்லை, ஆனாலும் பொருந்துகிறது. 2024 மார்ச்சு 7இலிருந்து அவர்கள் அந்தச் சட்டத்துக்கு அமைய நடக்க வேண்டும். இயங்குதளம் தன் சொந்தச் சேவைக்குத் திறந்துவிடும் வசதிகளை மற்றவர் சேவைக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்பது அதன் ஆறாம் உறுப்புரையில் இருக்கிறது. பிரித்தானியாவில் விச் என்ற பாவனையாளர் அமைப்பு 2024 நவம்பரில் ஆப்பிளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. ஐகிளவுட்டையே வாங்கும்படி வாடிக்கையாளரை நெருக்கியது, வேறு சேவைகளுக்கு இடம் கொடுக்காதது என்பதுதான் குற்றச்சாட்டு. சுமார் 40 மில்லியன் பேர் சார்பில் கிட்டத்தட்ட 3 பில்லியன் பவுண் கேட்கிறார்கள். ஆப்பிள் மறுக்கிறது, நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். பக்கத்து இந்தியாவில் போட்டி ஆணைக்குழு 2022 ஒக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி இந்திய ரூபா அபராதம் விதித்தது. அது கிளவுட் பற்றிய வழக்கு அன்று. போனில் எந்தெந்தச் செயலியை முன்கூட்டியே ஏற்றி விற்க வேண்டும் என்று தயாரிப்பாளரைக் கட்டிப்போட்டது பற்றியது. ஆனாலும் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு சபை எழுந்து நின்று கேட்டது. நாங்கள் வாங்குவதும் அதே போன்களைத்தான்.

இலங்கைச் சந்தை சின்னது, நாம் சொன்னால் கலிபோர்னியாவில் யார் கேட்பார்கள் என்று உங்கள் அதிகாரிகள் நினைக்கலாம். கேட்க மாட்டார்கள் என்றே வைப்போம். ஆனால் போனை இறக்குமதி செய்பவரும் விற்பவரும் கலிபோர்னியாவில் இல்லை. காலி வீதியில் இருக்கிறார்கள், கொள்ளுப்பிட்டியில் இருக்கிறார்கள், புறக்கோட்டையில் இருக்கிறார்கள். 500 மில்லி தண்ணீர்ப் போத்தலை 70 ரூபாவுக்கு மேல் விற்கக் கூடாது என்று 2025 ஏப்ரலில் விலை கட்டிய சபை நீங்கள். போத்தலில் விலை, திகதி, அளவு எல்லாம் இருக்க வேண்டும் என்று பார்க்கிறீர்கள். இரண்டு லட்சம் ரூபா போனின் பெட்டியில் என்ன இருக்கிறது? கெமரா எத்தனை மெகாபிக்சல், திரை எத்தனை அங்குலம், நீலமா கறுப்பா. இந்தப் போனில் உங்கள் படங்களை எங்கள் கிளவுட்டில் மட்டும்தான் தானாகவும் முழுமையாகவும் பாதுகாக்க முடியும், இலவசம் இவ்வளவுதான், அதற்குமேல் மாதம் இவ்வளவு என்று எங்கேயும் இல்லை. வாங்குமுன் இது தெரிந்திருந்தால் கொலன்னாவை அம்மாவின் மகன் வேறு ஒழுங்கு செய்திருப்பார்.

உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை நான் ஒரு போயா நாளில் இருந்து வாசித்தேன். சட்டத்தரணி இல்லை, ஆனாலும் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். 10ஆம் பிரிவின்படி, பொருள்களுக்கு எப்படிச் சுட்டுத்துண்டு போட வேண்டும், எப்படிப் பொதி செய்ய வேண்டும், எப்படி விற்க வேண்டும் என்று உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் நீங்கள் பணிப்புரை கொடுக்கலாம். 34ஆம் பிரிவின்படி, போட்டியைக் கெடுக்கும் நடைமுறை இருக்கிறதா என்று முறைப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் நீங்களே விசாரிக்கலாம். இலங்கையில் பொருள் வழங்குவதிலோ சேவை வழங்குவதிலோ போட்டியைக் கட்டுப்படுத்தும், திரிக்கும், தடுக்கும் நடத்தை எதுவும் அதில் அடங்கும் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. சேவை என்ற சொல் அங்கே இருக்கிறது. கிளவுட் சேவை இல்லையென்றால் வேறு என்ன?

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

முதலில் பெட்டி. இந்நாட்டில் விற்கும் ஒவ்வொரு போனின் பெட்டியிலும், அது முடியாவிட்டால் கடையில் விலை எழுதும் அட்டையிலாவது, மூன்று விடயங்களை எழுதச் சொல்லி 10ஆம் பிரிவின் கீழ் பணிப்புரை கொடுங்கள்: போனோடு வரும் இலவசக் கிளவுட் இடம் எவ்வளவு, அதற்குமேல் மாதக் கட்டணம் ரூபாவில் எவ்வளவு, வேறு கம்பனியின் கிளவுட்டைப் பாவித்தால் எவையெல்லாம் தானாகச் சேமிக்கப்பட மாட்டா. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும். எறும்பு எழுத்தில் வேண்டாம். தண்ணீர்ப் போத்தல் விலை எழுதும் அளவு போதும்.

இரண்டாவது, 34ஆம் பிரிவின் கீழ் ஒரு விசாரணை. இயங்குதளக் கம்பனிகளின் இலங்கைப் பிரதிநிதிகளையும் பெரிய இறக்குமதியாளர்களையும் அழைத்து, ஐரோப்பாவில் சட்டத்துக்குப் பணிந்து திறந்துவிட்ட வசதிகளில் எவை இங்கே விற்கும் போன்களில் இல்லை, ஏன் இல்லை என்று எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தப் பதில்களை வெளியிடுங்கள். தண்டம் போடுவதைப் பிறகு பார்க்கலாம். அந்தப் பதில் கையில் வந்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவோடு பேசுங்கள். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ இலக்கத்துக்கு அவர்களிடம் அங்கீகாரம் பெற வேண்டும். வாங்குபவர் அதை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கலாம். கதவு ஏற்கெனவே இருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். நான் மேலே கேட்ட மூன்று விவரத்தையும் அங்கீகாரம் கேட்கும்போதே இறக்குமதியாளர் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அப்புறம் ஒரு சின்ன விடயம், ஆனால் உடனே செய்யக்கூடியது. உங்கள் 1977 இலக்கத்துக்கு எடுத்து இப்படியொரு முறைப்பாட்டைச் சொன்னால் அதை எந்த வகையில் பதிவது என்று பதில் சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன் வேலை செய்கிறது, பழுதில்லை, உத்தரவாதக் காலமும் முடியவில்லை, ஆனால் படங்கள் போய்விட்டன. இதை "பழுது" என்ற பெட்டிக்குள் போட முடியாது. மென்பொருள் கட்டுப்பாடு என்று தனியாக ஒரு வகை திறந்து, வரும் முறைப்பாடுகளை எண்ணத் தொடங்குங்கள்.

இந்த மடலின் பிரதியை வொக்ஸ்ஹோல் வீதியிலுள்ள உங்கள் அலுவலகத்தில் நேரில் ஒப்படைப்பேன். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். தமிழில் எழுதியிருக்கிறேன், பதிலும் தமிழில் வேண்டும். கொலன்னாவை அம்மாவின் போன் இன்னும் என் கடை இழுப்பறையில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுக்கிறார். எப்பவாவது திறக்க வழி வரும் என்று நினைக்கிறார். உங்கள் விசாரணை அதிகாரி யாராவது வந்தால் அதையும், தேரோடு நின்றுபோன அந்த அல்பத்தையும், என் போனில் அந்தச் செயலி எப்படித் தூங்குகிறது என்பதையும் நேரில் காட்டுகிறேன். காலை ஒன்பதரைக்குத் திறப்பேன். ஞாயிறும் போயாவும் பூட்டு.

இப்படிக்கு,
வெள்ளவத்தைப் பாவனையாளர் ஒருவர்